பாலும் புண்ணும்

என் இடக்கையில், மணிக்கட்டுக்குச் சற்று மேலே, ஒரு பழைய வடு இருக்கிறது. எனக்கு ஏழு வயது நடக்கும்போது, சோறு வடித்த கொதிகஞ்சி கவிழ்ந்து அந்த இடம் வெந்துபோயிற்று. நான் அலறிய அலறலைக் கேட்டு ஓடிவந்த என் பாட்டி, உறியில் இருந்த தயிர்ச்சட்டியை இறக்கி, கெட்டித் தயிரை அள்ளி அந்தப் புண்ணின்மேல் அப்பினாள். அப்போது உண்டான குளிர்ச்சியை என் உடல் இன்றும் மறக்கவில்லை. ஆனால் நான்காம் நாள் புண்ணில் சீழ் கோத்தது, காய்ச்சலும் வந்தது. புண்ணைக் கழுவ வந்த ஊர்க் கம்பவுண்டர், "தயிரைப் போட்டு இப்படிக் கெடுத்து வைத்திருக்கிறீர்களே!" என்று பாட்டியைக் கடிந்துகொண்டார். அவள் மெல்லிய குரலில் ஒரு கேள்வி கேட்டாள்: "பால் ஒரு பொழுதுகூடத் தாங்காது, ஐயா. தயிராக்கினால் நாலு நாள் இருக்கிறது. பாலையே கெடாமல் காக்கிற பொருள் பிள்ளையின் புண்ணையா கெடுக்கும்?"

கம்பவுண்டர் விடை கூறவில்லை. புண் ஆறிற்று, ஆனால் அந்த வடுவைக் காணும்போதெல்லாம் பாட்டியின் முகம் வாடும். அவள் கேட்ட கேள்வி அறியாமையால் எழுந்த கேள்வி அன்று என்பதை நான் வெகுகாலம் கழித்தே உணர்ந்தேன். அக்கேள்விக்கு விடை காண முற்பட்டால், பாலின் வரலாறும் புண்ணின் வரலாறும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதைப் பார்க்கலாம். அந்த வரலாற்றைத்தான் நேயர்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் மருத்துவமனை என்றால் மக்கள் அஞ்சினார்கள். மயக்க மருந்து அப்போது வழக்கத்துக்கு வந்துவிட்டது. கத்தியின் வேதனை குறைந்தது. ஆனால் கத்தி பட்ட இடம் அழுகுவது குறையவில்லை. அறுவை திறம்பட முடிந்தபின்னும், ஐந்தாறு நாளில் புண் நாறத் தொடங்கும், காய்ச்சல் ஏறும், நோயாளி மாண்டுபோவார். புண்ணில் சீழ் பிடிப்பது இயற்கை என்றும், காற்றில் உள்ள பிராணவாயு புண்ணைத் தீண்டுவதால் அது அழுகுகிறது என்றும் அறிஞர்களே நம்பிய காலம் அது.

அக்காலத்தில் கிளாஸ்கோ நகரில் அறுவை மருத்துவப் பேராசிரியராக விளங்கியவர் ஜோசப் லிஸ்டர். இவர் 1827-ஆம் ஆண்டு பிறந்தவர். இவருடைய தந்தையார் திராட்சை மது வாணிகர்; ஆயினும் ஓய்வு வேளைகளில் கண்ணாடி வில்லைகளை ஆராய்ந்து, உருப்பெருக்கிக் கருவியைப் பெரிதும் திருத்தி அமைத்தவர். ஆகவே, பிறர் கண்ணுக்கு எட்டாத உலகத்தைப் பார்க்கும் பழக்கம் மகனுக்கு இளமையிலேயே வாய்த்தது.

பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர், 1857-ஆம் ஆண்டில் பால் புளிப்பதைப் பற்றிய தம் ஆராய்ச்சியை வெளியிட்டார். புளிப்பு என்பது வெறும் இரசாயன மாற்றம் அன்று, உயிருள்ள நுண்பொருள்களின் வேலை என்பது அவர் முடிபு. கிளாஸ்கோவில் இருந்த வேதியியல் பேராசிரியர் ஒருவர் மூலமாக பாஸ்டரின் எழுத்துகள் 1865-ஆம் ஆண்டில் லிஸ்டர் கைக்கு வந்தன. அவற்றைப் படித்ததும் அவர் உள்ளத்தில் ஒரு பொறி தட்டிற்று. பாலையும் மதுவையும் மாற்றுவது வெளியிலிருந்து வரும் நுண்ணுயிர் என்றால், புண்ணை அழுகச் செய்வதும் வெளியிலிருந்து வரும் நுண்ணுயிராக ஏன் இருத்தல் கூடாது?

அவ்வாண்டு ஆகஸ்டு மாதம், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் எலும்பு முறிந்து, தோலும் கிழிந்த ஒரு பதினொரு வயதுச் சிறுவனை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தனர். அந்நாளில் அத்தகைய காலை வெட்டி எடுப்பதே வழக்கம். லிஸ்டர் வெட்டவில்லை. கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் புண்ணை மூடினார். சீழ் பிடிக்கவில்லை. ஆறு வாரத்தில் சிறுவன் தேறினான். இம்முறையை அவர் 1867-ஆம் ஆண்டில் 'லான்செட்' என்னும் மருத்துவ இதழில் வெளியிட்டார். பின்னர் அவரே ஒரு கணக்கும் கொடுத்தார். இம்முறைக்கு முன்னர் அவர் கை, கால் நீக்கிய 35 பேரில் 16 பேர் இறந்தனர். இம்முறை வந்தபின் 40 பேரில் இறந்தவர் 6 பேரே. ஓர் இருபதாம் பங்கு, முப்பதாம் பங்கு என்று பேசுகிற சிறு வேறுபாடு அன்று இது. வீடு திரும்பிய மனிதர்களின் எண்ணிக்கை.

எனினும் உலகம் உடனே ஒப்பவில்லை. "கிருமி, கிருமி என்கிறீர், அதை எங்கே காட்டும் பார்ப்போம்!" என்று பெரிய மருத்துவர்களே நகைத்தார்கள். அழுகும் புண்ணில் எண்ணற்ற நுண்ணுயிர் வகைகள் கலந்து கிடந்தன. எது எதைச் செய்கிறது என்று அங்கே பிரித்துக் காட்ட இயலாது. ஆகவே லிஸ்டர் புண்ணை விட்டுப் பாலுக்குத் திரும்பினார். பால் புளிப்பது ஆபத்து இல்லாத மாற்றம், எளிதில் கண்ணால் காணத்தக்கது, நாவால் அறியத்தக்கது. புண்ணில் நடப்பதைப் புரிந்துகொள்ள அதையே ஒரு மாதிரியாக எடுத்துக்கொண்டார். மனித உயிர்களைக் காக்கப் புறப்பட்ட ஓர் அறுவை மருத்துவர், தம் வீட்டில் வரிசை வரிசையாகப் பால் குவளைகளை மூடிவைத்துக் காத்திருந்தார்.

முதலில் அவர் கண்டது வியப்பான செய்தி. தூய்மையோடு கறந்து, தூய கண்ணாடியில் ஏந்தி, மூடிவைத்த பால் தானாகப் புளிப்பதில்லை. பாலுக்குப் புளிக்கும் இயல்பு பிறவியிலேயே உண்டு என்பது பொய்யாயிற்று. மேலும், அந்தப் புளிப்பு நுண்ணுயிர் எல்லாக் காற்றிலும் எல்லா நீரிலும் மலிந்து கிடக்கவில்லை. பால் புழங்கும் இடங்களிலேதான் அது மிகுதியாக வாழ்ந்தது. பாற்பண்ணையின் பாத்திரங்களிலும் கைகளிலும் தங்கி, நேற்றைய பாலிலிருந்து இன்றைய பாலுக்கு அது குடிபெயர்ந்துகொண்டிருந்தது. நம் வீட்டு உறைமோரும் செய்வது இதைத்தானே!

அடுத்து அவர் செய்த சோதனையை அறிவின் அழகு என்றே சொல்ல வேண்டும். புளித்த பாலில் உள்ள பாக்டீரியாக்கள் ஒரு சிறு அளவில் எத்தனை என்று உருப்பெருக்கியின் வழியே எண்ணினார். பின்னர், காய்ச்சி ஆறவைத்த நீரை அதனோடு கலந்துகொண்டே போனார். ஒரு துளிக்கு ஏறத்தாழ ஓர் உயிரே இருக்கும் அளவுக்கு அது நீர்த்துப்போயிற்று. திருகு பொருத்திய ஒரு நுண்ணிய பீச்சாங்குழலால், காய்ச்சிய பால் இருந்த குவளைகளில் அத்துளிகளை இட்டார். புளிக்கச் செய்வது நீரில் கரையும் வெறும் இரசாயனப் பொருளாயின், எல்லாத் துளிகளிலும் அது சமமாகப் பரவியிருக்கும். எல்லாக் குவளைகளும் ஒன்றுபோல் புளிக்க வேண்டும். தனித்தனி உயிராயின், சில துளிகளில் ஒன்று இருக்கும். சில துளிகளில் ஒன்றும் இராது. சில குவளைகள் உறையும், சில உறையமாட்டா.

நடந்தது என்ன? சில உறைந்தன, சில பாலாகவே நின்றன. உறைந்தவற்றில் எல்லாம் அந்த பாக்டீரியா இருந்தது. உறையாதவற்றில் அது இல்லை. அதற்கு அவர் 'பாக்டீரியம் லாக்டிஸ்' என்று பெயரிட்டார். பல வகை கலவாமல் ஒரே வகை பாக்டீரியாவைத் தனித்து வளர்த்தமைக்கு உலகில் முதற் சான்றாக இச்சோதனையைக் கூறுவர்.

1877-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் லண்டன் கிங்ஸ் கல்லூரியில் லிஸ்டர் தம் தொடக்க உரையை ஆற்றினார். புகழ் பெற்ற அறுவை மருத்துவர் கத்தியைப் பற்றியும் புண்ணைப் பற்றியும் பேசுவார் என்று மாணவர் கூடியிருந்தனர். அவரோ பால் புளிப்பதைப் பற்றிப் பேசினார். மாணவர்களுக்குப் பொறுமை போயிற்று, கூச்சலிட்டனர், மாட்டைப்போலக் குரலெழுப்பிக் கேலி செய்தனர். லிஸ்டர் சினவாமல் உரையை முடித்தார். அவ்வாண்டு டிசம்பரில் லண்டன் நோய்க்குறியியல் சங்கத்தின் முன் அந்த ஆராய்ச்சியை விரிவாக எடுத்துரைத்தார். மாணவர்கள் எந்தக் குவளைகளைக் கண்டு சிரித்தார்களோ, அந்தக் குவளைகளின் உண்மையே பின்னர் உலகத்து அறுவைக் கூடங்களையெல்லாம் தூய்மைப்படுத்திற்று.

லிஸ்டருக்குத் தயிர் மருந்து அன்று. புண்ணின் பகைவனை அறிந்துகொள்வதற்கு உதவிய ஒரு மாதிரியே அது. அந்த மாதிரிக்குள்ளேயே ஒரு படைக்கலம் மறைந்திருந்ததை அவர் அறியார்.

கதையின் அடுத்த பகுதியில் வருபவர் எலியா மெச்னிகோவ். உக்ரேன் நாட்டில் 1845-இல் பிறந்த இவர், 1882-ஆம் ஆண்டு இத்தாலியின் மெசினா நகரில் ஒரு சிறு சோதனை செய்தார். கண்ணாடிபோல் உடல் தெரியும் நட்சத்திர மீனின் குஞ்சுக்குள் ஒரு முள்ளைச் செருகினார். மறுநாள் பார்த்தபோது, நகரும் அணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நின்றன. நம் புண்ணில் வெள்ளணுக்கள் கூடிக் கிருமிகளை விழுங்கும் உண்மை இப்படித்தான் முதலில் தெளிவாயிற்று. இதற்காக அவருக்கு 1908-இல் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. முள் குத்திய புண்ணில் தொடங்கிய அவரும் முதுமையில் தயிருக்கே வந்து சேர்ந்தார்.

1905-ஆம் ஆண்டில் ஜெனீவாவில் பயின்றுகொண்டிருந்த ஸ்டாமென் கிரிகோரோவ் என்னும் பல்கேரிய இளைஞர், தம் நாட்டுத் தயிரில் இருந்த கோல் வடிவ பாக்டீரியாவைக் கண்டுபிடித்தார். குடலில் அழுகலை உண்டாக்கும் கிருமிகளை இந்தத் தயிர்க் கிருமி அடக்கும். அதனால் முதுமை தள்ளிப்போகும் என்று மெச்னிகோவ் எழுதினார். ஐரோப்பா எங்கும் தயிர் மருந்துக் கடைச் சரக்காயிற்று! ஆயினும் அந்தக் கிருமி மனிதக் குடலில் நிலையாகக் குடியிருப்பதில்லை என்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டின. மெச்னிகோவ் 71-ஆம் வயதில், 1916-இல் மறைந்தார். ஒரு நல்ல பொருளின் புகழ் உண்மையைத் தாண்டி ஓடும்போது என்ன நேரும் என்பதற்கு இது சான்று. எனினும், ஒரு நுண்ணுயிர் மற்றொன்றை அடக்கும் என்ற அவருடைய அடிப்படை எண்ணம் பொய்க்கவில்லை.

1928-ஆம் ஆண்டில் அமெரிக்க வேளாண்மைத் துறையைச் சார்ந்த ரோஜர்ஸ் ஒரு செய்தியை வெளியிட்டார். லிஸ்டர் கண்ட பால் பாக்டீரியாவின் சில இனங்கள், மெச்னிகோவ் போற்றிய பல்கேரியக் கிருமியை வளரவொட்டாமல் தடுக்கின்றன! பாற்குடத்துக்குள்ளேயே ஒரு போர் நடக்கிறது. 1933-இல் நியூசிலாந்து நாட்டில் வைட்ஹெட் என்பவரும் இதையே வேறு வழியாகக் கண்டார். பாலாடைக்கட்டி செய்வோர், சில நாட்களில் உறை சரியாகப் பிடிக்கவில்லை என்று முறையிட்டனர். ஆராய்ந்தபோது, பாலில் முன்னரே இருந்த சில பாக்டீரியாக்கள் ஏதோ ஒரு பொருளைச் சுரந்து, ஊற்றிய உறையை அடக்கியது தெரிந்தது. 1940-களில் இங்கிலாந்தில் மேட்டிக்கும் ஹிர்ஷும் அப்பொருளைப் பிரித்தெடுத்து, 1947-இல் அதற்கு 'நிசின்' என்று பெயர் சூட்டினர்.

பெனிசிலின் வெற்றிக்கொடி நாட்டிய நாட்கள் அவை. நிசினும் காசநோய்க் கிருமியைச் சோதனைக் குழாயில் அடக்கிற்று. பாலில் பிறந்த மருந்து மனித நோயைத் தீர்க்குமோ என்ற நம்பிக்கை பிறந்தது. ஆனால் அமிலம் மிக்க இடத்தில் நன்றாகக் கரையும் நிசின், குருதியைப் போன்ற நடுநிலை நீரில் சரியாகக் கரைவதும் இல்லை; நெடுநேரம் நிலைப்பதும் இல்லை. அது மருத்துவமனைக்குள் நுழையவில்லை, அடுக்களைக்குச் சென்றது. பாலாடைக்கட்டியையும் டப்பியில் அடைத்த உணவையும் கெடாமல் காக்கும் பொருளாயிற்று. உலகச் சுகாதார நிறுவனமும் உணவு வேளாண்மை நிறுவனமும் இணைந்து அமைத்த நிபுணர் குழு 1969-இல் அதை ஏற்றது. அமெரிக்க அரசு 1988-இல் ஒப்புதல் அளித்தது.

அது எப்படிக் கொல்கிறது? பாக்டீரியா தன் சுவரைக் கட்டுவதற்கு 'லிப்பிட் இரண்டு' என்னும் ஒரு பொருளைச் சுமைகாரனைப் போலப் பயன்படுத்துகிறது. நிசின் அந்தச் சுமைகாரனைப் பற்றிக்கொண்டு, அதையே கால்கோளாக்கி, உயிரணுவின் சவ்வில் துளையிட்டுவிடுகிறது. உள்ளிருக்கும் உயிர்ச்சத்து ஒழுகிப்போகிறது. ஆனால் கூடுதலாக ஒரு புறச்சவ்வைப் போர்த்துக்கொண்ட கிருமிகள் பலவற்றிடம் அதன் வலிமை செல்லாது. தீப்புண்ணில் அடிக்கடி குடியேறும் கொடிய கிருமிகள் சில அந்த வகையைச் சார்ந்தவை.

தயிரின் காவல் நிசினால் மட்டும் வருவது அன்று. எல்லாத் தயிரிலும் நிசின் உண்டு என்றும் சொல்ல இயலாது. அதன் முதற் காவலன் புளிப்பே. பாலில் உள்ள சர்க்கரை லாக்டிக் அமிலமாக மாறுகிறது. அமிலம் ஏற ஏறப் பால் கட்டியாகிறது. கெடுக்கும் கிருமிகள் பல அப்புளிப்பில் பெருக முடிவதில்லை. "தயிராக்கினால் நாலு நாள் இருக்கிறது" என்று பாட்டி சொன்னது இதனையே. அவள் கேள்வியின் முற்பாதி முழு உண்மை.

பிற்பாதிதான் தவறிற்று. தயிர்ச்சட்டி ஒரு தூய குவளை அன்று. அதில் உறைக் கிருமியோடு, கையிலிருந்தும் கரண்டியிலிருந்தும் காற்றிலிருந்தும் நீரிலிருந்தும் வந்த பல உயிர்கள் அடங்கிக் கிடக்கும். புளிப்பு அவற்றைச் சட்டிக்குள் அடக்கிவைக்கிறது. ஆனால் எல்லாவற்றையும் கொன்றுவிடுவதில்லை. அந்தத் தயிரை வெந்த சதையில் அப்பினால், கசியும் நீர் புளிப்பைத் தணிக்கிறது. உடற்சூடு வளர்ப்பிடம் ஆகிறது. காக்கும் தோலோ அங்கே இல்லை. அடங்கிக் கிடந்தவை எழுந்துவிடும். வயிற்றுக்கு நல்லது புண்ணுக்கும் நல்லது என்பது விதியன்று.

அப்படியாயின் பாட்டியின் எண்ணத்தில் பொருளே இல்லையா? உண்டு. அர்ஜென்டினா நாட்டின் டுக்குமான் நகரத்து ஆராய்ச்சியாளர், தயிர்க் கிருமியின் உறவினமான ஒரு லாக்டிக் அமில பாக்டீரியாவை ஆய்வுக்கூடத்தில் தனித்து வளர்த்து, மருத்துவர் மேற்பார்வையில் தீப்புண்களில் இட்டுப் பார்த்தனர். வழக்கமான வெள்ளிக் களிம்போடு ஒப்பிடத்தக்க பயன் கிடைத்ததாக 2009-ஆம் ஆண்டில் அறிவித்தனர். காக்கேசிய மலைநாட்டுப் புளித்த பாலான கெஃபிரைக் கொண்டு, 2005-இல் பிரேசிலிலும் 2012-இல் ஈரானிலும் எலிகளின் புண்கள் விரைந்து ஆறியதாக ஆய்வுகள் வெளிவந்தன. நம் நாட்டிலும் ஒரு பெருஞ்சோதனை நடந்தது. ஒடிசா மாநிலத்தின் 149 கிராமங்களில், தாய்ப்பால் உண்ணும் 4,556 பச்சிளங்குழந்தைகளை எடுத்துக்கொண்டு, ஒரு பகுதியினருக்கு அதே இனத்தைச் சார்ந்த பாக்டீரியாவைத் தூய்மையாகப் பக்குவம் செய்து வாய்வழியே கொடுத்தனர். குருதி நச்சேற்றமும் மரணமும் சேர்ந்து நூற்றுக்கு 9.0 என்றிருந்தது, மருந்து பெற்றோரிடையே 5.4 ஆகக் குறைந்தது என்று 2017-இல் வெளியிட்டனர்.

இவற்றுள் எதிலும் வீட்டுத் தயிர் பயன்படவில்லை என்பதை நேயர்கள் கவனிக்க வேண்டும். எலியிடம் கண்டது மனிதனிடம் மெய்ப்பட வேண்டும். சிலரிடம் கண்டது பலரிடம் மெய்ப்பட வேண்டும். அதுவரையில் தீப்புண்ணுக்கு முதலுதவி, ஓடும் குளிர்ந்த நீரே. இருபது நிமிடம் வரை நீரில் காட்டி, தூய துணியால் தளர மூடி, மருத்துவரிடம் செல்ல வேண்டும். பனிக்கட்டி, மஞ்சள், எண்ணெய், மாவு, தயிர் ஆகிய எதையும் அப்பலாகாது. பச்சிளங்குழந்தைக்குத் தயிரை வாயில் தடவுவதும் ஆகாது.

என் பாட்டி உறை ஊற்றும் காட்சி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சட்டியை வெந்நீரால் கழுவி வெயிலில் காயவைப்பாள். பாலைப் பொங்கக் காய்ச்சுவாள். இளஞ்சூடு வரும்வரை மூடிவைப்பாள். கையைக் கழுவிய பின்னரே உறைமோரை எடுப்பாள். ஈரக்கரண்டி பட்டால் கடிந்துகொள்வாள். கொதிக்கவைத்தல், மூடிவைத்தல், வேண்டிய உயிரை மட்டும் உள்ளே விடுதல் என்று, லிஸ்டர் தம் குவளைகளுக்கு வகுத்த ஒழுங்கை அவள் தன் சட்டிக்கு நாள்தோறும் செய்துவந்தாள். பாலுக்குக் காட்டிய அந்த ஒழுங்கைப் புண்ணுக்கும் காட்ட வேண்டும் என்று அவளுக்குச் சொல்வார் இல்லை. கடிந்துகொள்ள மட்டும் ஆள் இருந்தது.

அன்று அந்தக் கம்பவுண்டர் ஐந்து நிமிடம் திண்ணையில் அமர்ந்து, "அம்மா, நீங்கள் பால் சட்டியைக் கழுவுவதுபோலப் பிள்ளையின் புண்ணையும் கழுவ வேண்டும், நேற்றைய தயிரில் நீங்கள் ஊற்றாத உயிர்களும் இருக்கின்றன" என்று சொல்லியிருந்தால், அவள் உடனே விளங்கிக்கொண்டிருப்பாள். அடுத்த தெருப் பெண்களுக்கும் அவளே எடுத்துச் சொல்லியிருப்பாள். இந்தப் பேச்சை நான் எழுதத் துணிந்ததும் அந்த ஐந்து நிமிடக் கடனைத் தீர்க்கத்தான். கேட்கும் பாட்டிமார் எவரேனும் இருந்தால், உறியில் உள்ள தயிர் உறியிலேயே இருக்கட்டும். குழந்தையைத் தண்ணீர்க் குழாயடிக்குத் தூக்கிச் செல்லுங்கள். புண்ணுக்கு மருத்துவம் ஆனபிறகு, அந்தத் தயிரைச் சோற்றில் பிசைந்து குழந்தைக்கு ஊட்டலாம்.